படிவத்தில் மூன்று கோடுகள்

மதர் தந்த தாளில் மூன்று கோடுகள்.
முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது.
அடியில் சின்ன எழுத்தில்:
அன்னையின் பெயரோடு சேர்ந்திருத்தல் நன்று.
வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும்.

உன் பெயர்களில் எது மிச்சம், தாயே?
லூர்து ஏற்கெனவே மூன்று பேர்.
ஒருத்தி மூதூரில், ஒருத்தி மட்டக்களப்பில்,
இங்கே இருப்பவவுக்குக் காது மந்தம்,
யாரைக் கூப்பிட்டாலும் தன்னைத்தான் என்று எழும்புவா.
பாத்திமா என்று வைத்தால்
கிண்ணியா பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.
ஸ்டெல்லா மாரிஸ் வேண்டாம்.
அது அப்பாவின் வள்ளத்தில் எழுதியிருந்த பெயர்.
கடல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது.

அனற்றோலியா செபமாலையை எடுத்துவிட்டாள்.
ரோஷாந்தி அமலோற்பவம் என்று எழுதப்போய்
எழுத்துப் பிழைத்து
இன்னொரு தாள் கேட்கப் போயிருக்கிறாள்.

நான் உவர்மலைச் சன்னலில்.
கீழே உள்துறைமுகத்தில்
கோதுமை இறக்க வந்த கப்பல்.
மதிலோரம் ஒரு மான்
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை மென்றுகொண்டு நிற்கிறது.

எனக்குக் கோபுரம் வேண்டாம், ரோசா வேண்டாம்,
கிரீடம் வைத்த எதுவும் வேண்டாம்.
எனக்குத் தெரிந்த நீ
ஒரு கலியாணவீட்டுக் குசினிப்பக்கம் நின்றவள்.
எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்திருக்கச்
சாடிகளைப் பார்த்தவள்.
மகனின் காதோரம் போய்
அவைக்கு முடிஞ்சு போச்சு என்றவள்.
எனக்கு என்று இல்லை.
அவைக்கு.

அந்தச் சொல்லை ஒருதரம்
நேரிலும் கேட்டிருக்கிறேன்.
பள்ளிக்கூட முகாம். எனக்கு ஒன்பது வயது.
கடல் வந்து போன ஆறாம் நாள்,
கிணறெல்லாம் உப்பு.
காலையில் பவுசர் வந்தது.
அம்மா மூன்றாம் வகுப்பு அறையில்
அடுக்கிய மேசைகளுக்குப் பின்னால்
சுவரைப் பார்த்துக் கிடந்தா.
தம்பியைப் புதைத்ததிலிருந்து அப்படித்தான்.
என்னிடம் பாத்திரம் இல்லை.
படியில் இருந்து வரிசையைப் பார்த்தேன்.

நைற்றிக்கு மேல் துவாய் போட்ட ஒரு மனுசி,
தன் முறை வந்ததும்
குடத்தை வைக்காமல் பவுசர்காரனிடம் சொன்னா:
"அந்த வகுப்பில ஒரு தாய் கிடக்கிறா.
அவைக்குத் தண்ணி முடிஞ்சு போச்சு."
வரிசைக்கு வரச் சொல்லு என்றான்.
"வர ஏலாதெண்டுதானே சொல்லுறன்."
பின்னால் நின்றவர்கள் ஏசினார்கள்.
அவவும் ஏசினா,
நல்ல தடித்த தூசணத்தில்.
பிறகு தன் குடத்தை நிறைத்து
எங்கள் அறைக்குள் கொண்டுவந்து
பெயின்ற் வாளி ஒன்றில் ஊற்றிவிட்டு
வெறுங்குடத்தோடு
வரிசையின் கடைசிக்குப் போனா.
அவவின் முறை வருமுன்
குழாய் இருமி நின்றது.

நான் பெயர் கேட்கவில்லை.
சைவமோ வேதமோ, அதுவும் தெரியாது.
அம்மா அன்றைக்கு முகம் கழுவினா.
நடந்தது அவ்வளவுதான்.
தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

முதல் கோட்டில் எழுதினேன்:
மரிய கானா.

மதர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினா.
"பிள்ளையள் சிரிக்குங்கள். கானாப் பாட்டெண்டு."
"சிரிக்கட்டும், மதர்."
"அது ஊரின்ட பேர். மாதாவின்ட பேரில்லை."
"ஓம், மதர்."
"மற்ற ரெண்டு கோடும் சும்மா கிடக்கு."
அதற்கும் ஓம் என்றேன்.
பிஷப்பிடம் கேட்டுச் சொல்லுறன் என்று
தாளை இரண்டாய் மடித்தா.

மடித்த தாளுக்குப் பக்கத்தில்
அவவின் தண்ணீர்ச் சாடி.
அடியில் இரண்டு விரல் அளவு,
அதில் ஓர் எறும்பு.

எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.